கன்ட்ரோலர் யாரைத் தேடுகிறது?

பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரின் நடுப் பொத்தானை அழுத்துகிறோம். வெள்ளை விளக்கு துடிக்கிறது. சில நொடிகள் துடித்துவிட்டு அணைந்துபோகிறது. டிவியில் ஒரு மாற்றமும் இல்லை. மறுபடி அழுத்தினால் மறுபடியும் அதே கதைதான். இந்த இடத்தில் வீட்டில் ஒருவர் "சிக்னல் கிடைக்கல" என்பார், இன்னொருவர் "போச்சு, புதுசு வாங்கணும்" என்பார். இரண்டுமே பெரும்பாலும் அவசரத் தீர்ப்புகள். விளக்கு துடிக்கும் அந்த நேரத்தில் கன்ட்ரோலர் சும்மா இருக்கவில்லை. தன் நினைவில் உள்ள ஒரு கன்சோலை, அதன் முகவரி எண்ணைச் சொல்லி, விடாமல் அழைத்துக்கொண்டிருக்கிறது. பதில் வராததால் அடங்கிவிடுகிறது. அது எவ்வளவு உரக்க அழைக்கிறது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். யாரை அழைக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

தில்லி சரோஜினி நகரை மனதில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஒரு காலத்தில் வினய் நகர் என்று அழைக்கப்பட்ட இந்த அரசு ஊழியர் குடியிருப்பு, வெளியூர்க்காரர்களுக்குத் துணிக்கடைகளால் தெரியும்; தில்லித் தமிழர்களுக்குப் பிள்ளையார் கோயிலாலும், பக்கத்து லக்ஷ்மிபாய் நகர் தமிழ்ப் பள்ளியாலும் தெரியும். முற்றமும் வேப்பமரமுமாக இருந்த பழைய தாழ்ந்த குவார்ட்டர்ஸ்கள் இடிக்கப்பட்டு, அடுக்குமாடிக் கோபுரங்கள் எழுந்துவருகின்றன. 2025 ஜனவரி 3 அன்று இங்கே இரண்டாம் வகைக் குவார்ட்டர்ஸாகத் திறந்துவைக்கப்பட்டவை மட்டும் 28 கோபுரங்கள், 2,500க்கும் மேற்பட்ட வீடுகள். முன்பு பக்கவாட்டில் பரவியிருந்த குடும்பங்கள் இப்போது மேலும் கீழுமாக நெருங்கி வாழ்கின்றன. வீட்டுக்கு ஒரு வைஃபை ரவுட்டர் என்று வைத்துக்கொண்டாலும், கம்பியில்லாக் கருவி ஒன்றுக்கு இதைவிடக் கடினமான சோதனைக்கூடம் அமையாது. அதனால்தான் இங்கே எல்லோரும் முதலில் காற்றைச் சந்தேகிக்கிறார்கள். என் கணிப்பில் காற்று கடைசிச் சந்தேகமாக இருக்க வேண்டும்.

கன்ட்ரோலரும் கன்சோலும் பேசிக்கொள்வது புளூடூத் வழியே. புளூடூத் கருவி ஒவ்வொன்றுக்கும் 48 பிட் நீளமுள்ள முகவரி எண் ஒன்று தொழிற்சாலையிலேயே தரப்படுகிறது. கன்ட்ரோலரையும் கன்சோலையும் ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்தும்போது, அதாவது பேரிங் செய்யும்போது, இரண்டு காரியங்கள் நடக்கின்றன. கன்சோலின் முகவரி கன்ட்ரோலரின் நினைவகத்தில் பதிகிறது. அந்த இரண்டுக்கும் மட்டுமே தெரிந்த 128 பிட் ரகசிய எண் ஒன்று இரு பக்கமும் சேமிக்கப்படுகிறது. அடுத்த நாள் பொத்தானை அழுத்தும்போது கன்ட்ரோலர் அந்த முகவரியை அழைக்கும். கன்சோல் பதில் தந்ததும் ரகசிய எண்ணைச் சரிபார்த்துக்கொண்டு இரண்டும் இணையும்.

அந்த அழைப்பே வியப்பானது. புளூடூத் விதிகளின் வழக்கமான ஏற்பாட்டில், அழைப்புக்காகக் காத்திருக்கும் கருவி 1.28 நொடிக்கு ஒருமுறைதான் காது கொடுக்கிறது, அதுவும் 11.25 மில்லிநொடி நேரம் மட்டும், ஏதோ ஓர் அலைவரிசையில். அது எந்த நேரத்தில், எந்த அலைவரிசையில் கேட்கும் என்று அழைப்பவருக்கு உறுதியாகத் தெரியாது. ஆகவே கன்ட்ரோலர் 32 அலைவரிசைகளை இரண்டு தொகுதிகளாகப் பிரித்துக்கொண்டு, நொடிக்கு 3,200 முறை தாவித் தாவி அழைக்கிறது. இரண்டும் ஒரு கணம் ஒரே அலைவரிசையில் சந்தித்துவிட்டால் போதும். விளக்கின் அந்தத் துடிப்பு இத்தனை வேலையைத்தான் காட்டுகிறது.

இணைந்த பிறகும் தாவல் நிற்பதில்லை. 1 மெகா ஹெர்ட்ஸ் அகலமுள்ள 79 தடங்களில், நொடிக்கு 1,600 முறை, 625 மைக்ரோநொடிக்கு ஓர் இடமாக இரண்டும் சேர்ந்து தாவுகின்றன. எந்தத் தடத்திலிருந்து எதற்கு என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்வதில்லை. இரண்டில் தலைமை ஏற்கும் கருவியின் முகவரி, அதன் கடிகாரம் இரண்டையும் கொண்டு இரண்டுமே தனித்தனியாக அதே வரிசையைக் கணக்கிட்டுக்கொள்கின்றன. கச்சேரியில் பாடகரும் மிருதங்கக்காரரும் வாய்விட்டு எண்ணாமலேயே ஒரே தாளத்தில் போய், ஒரே இடத்தில் வந்து விழுவார்களே, அந்த மாதிரிதான். இருவருக்கும் தாளம் ஒன்றாகத் தெரிந்திருக்க வேண்டும், எடுப்பும் தெரிந்திருக்க வேண்டும். அலைவரிசை தாவும் இந்த யோசனைக்கு நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தெய்லும் 1942இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்கள். நீர்மூழ்கிக் குண்டை எதிரி குழப்பாமல் வழிநடத்துவதற்காக எழுதப்பட்ட அந்தத் திட்டத்தில் 88 அலைவரிசைகள் இருந்தன, பியானோவின் கட்டைகளின் எண்ணிக்கை.

இப்போது வீட்டுக்கு வருவோம். பிளேஸ்டேஷன் 4இன் (பி.எஸ்.4) டுயல்ஷாக் 4 கன்ட்ரோலருக்கு ஒரே ஒரு கன்சோல்தான் நினைவில் நிற்கும். நம் வீடுகளில் கன்ட்ரோலர் ஓரிடத்தில் இருப்பதே இல்லை. கோடை விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்த பெரியப்பா பையன் அதை ஒரு மாலை தன் லேப்டாப்போடு சேர்த்து விளையாடியிருப்பான். மாடி வீட்டு நண்பன் தன் பி.எஸ்.4இல் நான்கு பேர் ஆட வேண்டும் என்று வாங்கிப் போயிருப்பான். அந்தக் கணத்திலேயே பழைய முகவரி அழிந்து புதியது பதிந்துவிட்டது. திரும்பி வந்த கன்ட்ரோலர் ஊருக்குப் போய்விட்ட லேப்டாப்பை அழைத்துக்கொண்டிருக்கிறது. கன்சோல் ஓர் அடி தூரத்தில் இருந்தாலும் அந்த அழைப்பு அதற்கானது இல்லை.

லேப்டாப் இன்னும் வீட்டிலேயே இருந்தால் இன்னொரு விசித்திரம் நடக்கும். விளக்கு துடித்து நிலையாக எரியும், டிவியில் எதுவும் அசையாது. அடுத்த அறையில் திறந்துகிடக்கும் லேப்டாப்போடு கன்ட்ரோலர் நல்லபடியாக இணைந்துவிட்டது என்று அர்த்தம். லேப்டாப்பிலும் போனிலும் புளூடூத்தை அணைத்துப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

மறதி எதிர்ப்பக்கத்திலும் வரலாம். கன்சோலை முழுவதுமாக அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்தால், அல்லது பழையதை விற்றுவிட்டு வேறு வாங்கினால், கன்ட்ரோலருக்கு நினைவிருக்கும், கன்சோலிடம் அந்த ரகசிய எண் இருக்காது. பலன் ஒன்றுதான்: இணைப்பு இல்லை.

பிந்திய கன்ட்ரோலர்கள் இதைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கின்றன. 2020இல் வந்த எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் ஓர் எக்ஸ்பாக்ஸையும் ஒரு புளூடூத் கருவியையும் ஒரே நேரத்தில் நினைவில் வைத்துக்கொள்ளும். மேல்விளிம்பில் உள்ள பேரிங் பொத்தானை இரண்டு தட்டுத் தட்டினால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும். இது தெரியாமல் மாறிப்போன கன்ட்ரோலரைப் பழுதானது என்று ஒதுக்குவது உண்டு. பி.எஸ்.5இன் டுயல்சென்ஸுக்கு 2025இல் வந்த மென்பொருள் புதுப்பிப்பு நான்கு கருவிகள் வரை நினைவில் வைக்கும் வசதியைக் கொடுத்தது.

நினைவைச் சரிசெய்ய வழி எளிது. டுயல்ஷாக் 4இன் முதுகில், எல்2 பொத்தானுக்கு அருகே, குண்டூசி நுழையும் சிறிய துளை ஒன்று இருக்கிறது. டுயல்சென்ஸிலும் முதுகில்தான். கன்சோலை அணைத்துவிட்டு, நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை அதில் விட்டு ஐந்து நொடி அழுத்த வேண்டும். உள்ளே இருக்கும் ரீசெட் பொத்தான் அமுங்குவது விரலுக்குத் தெரியும். பிறகு கேபிளால் கன்சோலோடு இணைத்து, நடுப் பொத்தானை அழுத்த வேண்டும். கேபிள் இங்கே சார்ஜுக்காக மட்டும் இல்லை. கன்சோல் தன் முகவரியையும் ரகசிய எண்ணையும் கம்பி வழியாகவே கன்ட்ரோலரில் எழுதிவிடுகிறது. காற்றில் எத்தனை நெரிசல் இருந்தாலும் இந்த எழுத்தை அது தொட முடியாது. 2006இல் பி.எஸ்.3 வந்தபோதே சோனி கையாண்ட முறை இது. நல்ல பொறியியல் என்று சொல்லத் தயங்க மாட்டேன்.

இந்த நல்ல பொறியியல் தடுக்கி விழும் இடம் கேபிள். டுயல்ஷாக் 4 தனியாக வாங்கினால் பெட்டியில் கேபிள் வருவதில்லை. ஆகவே வீட்டில் எது கிடக்கிறதோ அதைச் செருகுகிறோம். யூ.எஸ்.பி. கேபிளில் மின்சாரத்துக்கு இரண்டு கம்பி, தகவலுக்கு இரண்டு கம்பி இருக்க வேண்டும். மெட்ரோ வாசலிலும் மார்க்கெட் நடைபாதையிலும் விற்கும் மலிவான சார்ஜர் கேபிள்கள் சிலவற்றில் தகவல் கம்பிகள் இரண்டுமே இருப்பதில்லை. போன் சார்ஜ் ஆகும், கன்ட்ரோலரும் சார்ஜ் ஆகும், ஆனால் பேரிங் ஒருநாளும் நடக்காது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கேபிளும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதுதான் கொடுமை. சந்தேகம் இருந்தால் அந்தக் கேபிளால் போனைக் கம்ப்யூட்டரில் செருகிப் பார்க்கலாம். போனில் உள்ள படங்கள் கம்ப்யூட்டரில் தெரிந்தால் தகவல் கம்பிகள் இருக்கின்றன. ரீசெட் செய்தும் பயனில்லை என்று கன்ட்ரோலரைக் கைவிடுமுன் இந்த ஒரு சோதனையைத் தயவுசெய்து செய்துபாருங்கள்.

அடுத்தது பேட்டரி. தில்லியில் இதற்கெனத் தனிக் கதை உண்டு. டுயல்ஷாக் 4இன் லித்தியம் பேட்டரி 1,000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவு கொண்டது, டுயல்சென்ஸில் 1,560. 10 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரையுள்ள இடத்தில் சார்ஜ் செய்யுங்கள், மற்ற சூழலில் சரியாக ஏறாமல் போகலாம் என்று சோனியின் கையேடு சொல்கிறது. சரோஜினி நகருக்குப் பக்கத்திலேயே இருக்கும் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தின் பதிவுகளை எடுத்துப் பாருங்கள். 2021 ஜனவரி 1 அன்று 1.1 டிகிரி. 2024 மே 29 அன்று 46.8 டிகிரி. கையேடு கேட்கும் சீதோஷ்ணம் இந்த ஊரில் வருடத்தில் சில மாதங்கள்தான் இயல்பாகக் கிடைக்கிறது. குளிரில் பேட்டரியின் உள்தடை கூடும். மீதமிருக்கும் மின்சாரத்தைக் கொடுக்கத் திணறும். வெயிலில் வேதிப்பொருள்கள் வேகமாகச் சிதைந்து கொள்ளளவே நிரந்தரமாகக் குறையும். மே மாதத்தில் கூலர் காற்று எட்டாத மேல்மாடி அறையில், டிவி மேசை ஓரத்தில் சார்ஜ் போடுவது பேட்டரிக்குச் செய்யும் கெடுதல். அறை குளிர்ந்த இரவில் போடலாம்.

இதோடு பரீட்சைக் காலமும் சேர்ந்துகொள்கிறது. பிப்ரவரி நடுவில் சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வு தொடங்கும். அதற்கு முன்பே கன்ட்ரோலர் அம்மாவின் பீரோவுக்குள் போய்விடும். காலியாகும் நிலையில் உள்ளே போன பேட்டரி, சும்மா இருந்தாலும் மெல்ல மெல்ல வடியும். ஒரு கட்டத்துக்குக் கீழே மின்னழுத்தம் இறங்கினால், பேட்டரியைக் காப்பதற்காக உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று வழியை அடைத்துவிடும். ஏப்ரலில் வெளியே எடுக்கும்போது விளக்கே எரியாது. கேபிளில் செருகினாலும் உடனே எரியாது. அரை மணி, ஒரு மணி நேரம் பொறுமையாக விட்டால் பெரும்பாலும் எழுந்துவிடும். பாதி சார்ஜோடு எடுத்து வைத்திருந்தால் இந்தச் சிக்கலே வராது. பூட்டி வைக்கும் அம்மாவிடம் இதை யாராவது சொல்ல வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் காற்று. புளூடூத்தும் பெரும்பாலான வைஃபையும் பங்கிட்டுக்கொள்ளும் இடம் 2,400 முதல் 2,483.5 மெகா ஹெர்ட்ஸ் வரை, மொத்தம் 83.5 மெகா ஹெர்ட்ஸ். நம் நாட்டில் 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி வானொலிக் கருவி எதையும் உரிமம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது என்றிருந்தது. இந்த அலைக்கற்றையில் குறைந்த திறன் கருவிகளுக்கு அந்த உரிமம் வேண்டாம் என்று 2005 ஜனவரி 28 தேதியிட்ட அரசு அறிவிக்கை விலக்கு அளித்தது. இப்படிப்பட்ட விதிகளைக் கவனிக்கும் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் பவன், சரோஜினி நகரிலிருந்து சில கிலோமீட்டரில் அசோகா சாலையில் இருக்கிறது. அந்த விலக்கில் ஒரு நிபந்தனை முக்கியமானது. யாருக்கும் இடையூறு செய்யக் கூடாது. அதே சமயம் பிறரால் வரும் இடையூறிலிருந்து பாதுகாப்பும் கேட்கக் கூடாது. எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். பக்கத்து வீட்டு ரவுட்டரால் என் ஆட்டம் கெடுகிறது என்று சட்டப்படி முறையிட வழியில்லை. இந்தப் பொதுநிலம் இருப்பதால்தான் கன்ட்ரோலர் என்ற பொருளே எளிய குடும்பத்து வரவேற்பறைக்கு வர முடிந்தது. அதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை.

இந்த அலைக்கற்றையில் ஒன்றோடொன்று மோதாத வைஃபை தடங்கள் மூன்றுதான்: 1, 6, 11. ஒவ்வொன்றும் சுமார் 20 மெகா ஹெர்ட்ஸ் அகலம். கோபுரத்தின் நடு வீட்டில் இருப்பவருக்கு மேலே, கீழே, பக்கத்தில் என்று எல்லாத் திசையிலிருந்தும் மூன்று தடங்களும் நிரம்பி வழியும். ரவுட்டர் 100 மில்லிவாட் அளவில் ஒலிபரப்பும்போது, கையடக்கப் புளூடூத் கருவி பெரும்பாலும் 2.5 மில்லிவாட்டில் பேசுகிறது. கணக்குப் பார்த்தால் கன்ட்ரோலர் பிழைக்கவே முடியாது. ஆனால் பிழைக்கிறது. 2003இல் வந்த புளூடூத் 1.2 பதிப்பிலிருந்து, எந்தத் தடங்களில் தகவல் அடிக்கடி சிதைகிறது என்று கவனித்து அவற்றைத் தவிர்க்கும் திறமை அதற்கு உண்டு. 79இல் 20 தடங்கள் மட்டும் மிஞ்சினாலும் தாவலைத் தொடரும். வீட்டில் மைக்ரோவேவ் ஓடினாலும் இதே சமாளிப்புதான். அதுவும் 2,450 மெகா ஹெர்ட்ஸ் அருகில்தான் இயங்குகிறது. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 20 மில்லிநொடிக்கு ஒருமுறை, பாதி நேரம் மட்டுமே அலையை வீசுவதால் இடைவெளி கிடைத்துவிடுகிறது.

ஆகவே நெரிசலின் அடையாளம் வேறு. ஆட்டக்காரன் பொத்தானை அழுத்திக் கணநேரம் கழித்துப் பந்து நகரும்; ஓடிக்கொண்டே இருப்பவன் விரலை எடுத்த பிறகும் ஓடுவான்; நடுவில் இணைப்பு அறுந்து தானே ஒட்டும். முழு மௌனம் நெரிசலால் வருவது அரிது. ஒரே ஒரு விலக்கு: கெட்ட தடங்களைத் தவிர்க்கும் திறமை இணைந்த பிறகுதான் வேலை செய்யும். முதல் அழைப்பின்போது அது கிடையாது. அதனால் நெரிசலான கோபுரத்தில் முதல் இணைப்புக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கலாம். இரண்டாவது, மூன்றாவது அழுத்தில் இணைந்தால் அது காற்றின் வேலை. எத்தனை அழுத்தினாலும் இணையாவிட்டால் மேலே சொன்ன நினைவையும் கேபிளையும் பேட்டரியையும் பாருங்கள். வேறொரு வகையும் உண்டு: நன்றாக இணைந்து, சில நிமிடம் ஆடியதும் அறுந்து, மறுபடியும் அதே இடைவெளியில் அறுவது. கன்ட்ரோலர் அசல்தானா என்று பி.எஸ்.4 ரகசியக் கணக்கு ஒன்றைக் கொடுத்துச் சோதிக்கும். பதில் சொல்லத் தெரியாத போலி துண்டிக்கப்படும். தில்லியின் பாலிகா பஜாரானாலும் நேரு பிளேஸானாலும், அசலைப் போலவே இருக்கும் மலிவுச் சரக்கை வாங்கியவர்கள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

காற்றில் உண்மையிலேயே சிக்கல் என்றால், எதிரி பெரும்பாலும் பக்கத்து வீட்டில் இல்லை, கன்சோலின் பின்புறத்திலேயே இருக்கிறான். இன்டெல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, யூ.எஸ்.பி. 3.0 இணைப்புகளும் கேபிள்களும் வேலை செய்யும்போது 2.4 கிகா ஹெர்ட்ஸ் பகுதியிலேயே அகலமான இரைச்சலைக் கசியவிடுகின்றன என்று அளந்து காட்டியது. நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும் தகவலின் துணை விளைவு அது. பி.எஸ்.4க்கு 2017 முதல் வெளி ஹார்ட் டிஸ்கில் விளையாட்டுகளை நிறுவ முடிகிறது. இடம் போதாமல் பலரும் ஒன்றைச் செருகி, கன்சோலின் தலைமேலேயே வைத்துவிடுகிறார்கள். ஆன்டெனாவுக்கு அங்குலக்கணக்கான தூரத்தில் இரைச்சல். நல்ல உறையுள்ள கேபிளைப் போட்டு டிஸ்கை ஓரமாக நகர்த்தினால் திக்கல் நின்றுவிடக்கூடும். கன்சோலை இரும்பு அலமாரிக்குள்ளோ டிவியின் முதுகுக்குப் பின்னாலோ ஒளித்து வைப்பதையும் தவிர்க்க வேண்டும். 12.5 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள இந்த அலைகளுக்கு உலோகத் தகடு சுவர்தான்; நீர் நிறைந்த மனித உடலும் நல்ல தடை. விருந்தாளிகள் டிவிக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்தால் ஆட்டம் தடுமாறுவதற்குக் காரணம் இதுவே. வீட்டு ரவுட்டரை 5 கிகா ஹெர்ட்ஸுக்கு மாற்றினால் நம் பங்குக்குக் கீழ்க்கற்றையில் கொஞ்சம் இடம் காலியாகும். 2018 அக்டோபரில் வந்த அறிவிக்கை அங்கேயும் உரிமமில்லா இடத்தைத் தாராளமாக விரித்துவிட்டது.

இத்தனையும் எதற்கு, புதிதாக ஒன்று வாங்கிவிடலாமே என்பவர்களுக்கு: 2021 பிப்ரவரியில் பி.எஸ்.5 இந்தியாவுக்கு வந்தபோது டுயல்சென்ஸின் விலை 5,990 ரூபாய். குமாஸ்தா வேலை பார்க்கும் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. தூக்கி எறிந்த கன்ட்ரோலர் காயலான் கடை வழியே, மின்கழிவைப் பிரிக்கும் சீலம்பூர் போய்ச் சேர்ந்தால், அதன் லித்தியம் பேட்டரியை வெறுங்கையால் பிரிக்கப்போவது யாரோ ஒருவர். மறதி மட்டுமே கோளாறாக உள்ள ஒரு கருவிக்காக அவர் கை புண்படுவது எனக்குப் பொறுக்கவில்லை.

எல்லாம் பார்த்தும் இணையவில்லையா? கன்சோலின் அமைப்புகளில் கன்ட்ரோலர் பகுதிக்குப் போய், தகவல் பரிமாற்றத்துக்கு யூ.எஸ்.பி. கேபிளைத் தேர்ந்தெடுங்கள். பி.எஸ்.5இலும், பிந்திய டுயல்ஷாக் 4களிலும் இது முடியும். கேபிளில் எல்லாப் பொத்தானும் வேலை செய்து, காற்றில் மட்டும் எந்தக் கன்சோலோடும் சேராவிட்டால், பழுது உள்ளே இருக்கும் ரேடியோ பகுதியிலோ ஆன்டெனா இணைப்பிலோ இருக்கிறது. உத்தரவாதக் காலம் மீதமிருந்தால் சர்வீஸ் சென்டருக்குக் கொடுக்கலாம். இல்லையென்றால் மூன்று மீட்டர் நீளமுள்ள, தகவல் கம்பி உள்ள நல்ல கேபிள் ஒன்று வாங்கினால் அதே கன்ட்ரோலரில் இன்னும் பல வருடம் ஆடலாம்.